உயிராற்றல் முறை ஒயின்: கொம்பு செய்வது எவ்வளவு, குடும்பம் செய்வது எவ்வளவு?

கேள்வி இது: ஐரோப்பாவில் குடும்பங்களே நடத்தும் சில ஒயின் தோட்டங்கள் ‘ஆர்கானிக்’, ‘பயோடைனமிக்’ என்று சொல்லி அதிக விலைக்கு விற்கின்றன. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைப்பதும், நிலவின் போக்கைப் பார்த்துக் கவாத்து செய்வதும் ஒயினை எப்படி மாற்றும்? இது வேளாண்மையா, வியாபாரமா?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கொம்பு ஒயினை மாற்றுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. ஆனால் கொம்பைப் புதைக்கும் தோட்டங்களில் பல, உலகின் மிகச் சிறந்த ஒயின்களைத் தருகின்றன. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பெரும்பாலானோர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

இயற்கை (ஆர்கானிக்) முறைக்கும் உயிராற்றல் (பயோடைனமிக்) முறைக்கும் உள்ள வேறுபாடு எளிது. இயற்கை முறையில் களைக்கொல்லி, செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி கிடையாது. கந்தகமும் செம்பும் அளவோடு உண்டு. உயிராற்றல் முறை இதற்கு மேல் சில தயாரிப்புகளையும் ஒரு நாட்காட்டியையும் சேர்க்கிறது. தோட்டம் முழுவதையும் ஓர் உயிராகக் கருதி, மாடு, குதிரை, மரம், புல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

நான் எடுத்துக்கொள்ளும் தோட்டம் பிரான்ஸில், ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கே, சவென்னியேர் என்ற ஊரில் இருக்கிறது. லுவார் ஆற்றின் வலக்கரையில் எழும் செங்குத்தான சரிவு. கூலே த செரான் என்று பெயர். 1130 வாக்கில் சிஸ்டெர்சியன் துறவிகள் அங்கே கொடி நட்டார்கள். மொத்தமே 7 ஹெக்டேர், நம் கணக்கில் 17 ஏக்கர் சொச்சம். பிரெஞ்சுச் சட்டம் அந்தத் துண்டு நிலத்துக்கென்றே தனியாக ஒரு பிறப்பிடப் பெயரை வழங்கியிருக்கிறது; அது முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில். விளைவது ஷெனின் என்ற வெள்ளைத் திராட்சை. அடுக்கடுக்காகப் பிளந்து வரும் பாறை மேல் மெல்லிய மண். மிகச் செங்குத்தான பகுதிகளில் டிராக்டர் ஏறாது, குதிரைதான் உழ வேண்டும்.

ஜோலி குடும்பத்தார் இதை 1962-ல் வாங்கினார்கள். மகன் நிக்கோலா ஜோலி அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை படித்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் வங்கியில் வேலை பார்த்தவர். 1970-களின் பிற்பகுதியில் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். பிறகு நடந்ததை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். வேளாண் ஆலோசகர் ஒருவர் வந்து, “உங்கள் அம்மா பழைய முறையில் செய்கிறார், களைக்கொல்லி அடித்தால் எவ்வளவோ பணம் மிஞ்சும்” என்றார். ஜோலியும் அடித்தார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியது. பொறிவண்டுகள் காணாமல் போயின. கௌதாரிகள் வருவதை நிறுத்திக்கொண்டன. அந்த நேரத்தில் உயிராற்றல் வேளாண்மை பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. 1980-ல் சிறு பகுதியில் தொடங்கி, 1984-ல் தோட்டம் முழுவதையும் அந்த முறைக்கு மாற்றினார். இப்போது அவருடைய மகள் விர்ஜினி பொறுப்பேற்று நடத்துகிறார்.

ஜோலி முதலில் நிறுத்தியது களைக்கொல்லியை. அவர் சொன்ன மாற்றங்களில் பெரும்பகுதிக்கு அதுவே போதும். தரையில் புல்லும் பூவும் இருந்தால் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளுக்கு வீடு கிடைக்கும். வேர்கள் மண்ணைத் துளைக்கும். மழைநீர் ஓடாமல் இறங்கும். இதற்குக் கொம்பு தேவையில்லை. ஆனாலும் அந்தக் கொம்பைப் பற்றி ஏளனமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. லுவார் பகுதியில் ஒரு சிறு தோட்டத்தில் கூட நின்று அந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

கன்று ஈன்ற பசுவின் கொம்பை எடுத்து, உள்ளே பச்சைச் சாணத்தை அடைத்து, இலையுதிர்காலத்தில் புதைத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுவதும் அது மண்ணுக்குள் கிடக்கும். வசந்தத்தில் தோண்டி எடுத்துத் தட்டினால் கரும்பழுப்பில் ஈரமான ஒரு கட்டி விழும். சாண நாற்றம் துளியும் இருக்காது. மழை பெய்து ஓய்ந்த காட்டு மண்ணின் வாசம் வரும். அதில் 100 கிராம் போல எடுத்து, 30, 35 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கலக்குவதற்கும் முறை உண்டு. ஒரே திசையில் வேகமாகச் சுழற்றி, நடுவில் ஆழமாகக் குழி விழுந்ததும் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். நீர் நுரைத்துக் குழம்பும். மறுபடி குழி விழும். மறுபடி திருப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். பொழுது சாயும் வேளையில் அந்த நீரை வாளியில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, தூரிகையால் மண்ணில் தெளிப்பார்கள். ஒரு ஹெக்டேருக்கு அவ்வளவுதான்.

இதுதான் 500 என்று எண்ணிட்ட தயாரிப்பு. தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் இதைக் கொம்புச் சாண உரம் என்று அறிவார்கள்; கொடைக்கானல் பக்கத்தில் இதைத் தயாரிக்கிறார்கள். 501 என்பது கொம்பில் அடைத்துப் புதைத்த படிகக்கல் (குவார்ட்ஸ்) தூள். ஹெக்டேருக்கு வெறும் 4 கிராம் போல, விடியற்காலையில் இலை மேல் தெளிப்பது. 502 முதல் 507 வரை மக்குரத்தில் சேர்க்கும் மூலிகைத் தயாரிப்புகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 100 கிராம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம். உரம் என்ற வகையில் இது ஒன்றுமே இல்லை. ஆதரிப்பவர்கள், பாலில் விடும் உறைமோர் போல இது மண்ணில் நுண்ணுயிர்களைத் தூண்டிவிடுகிறது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் யூக்கையா அருகே மெர்லோ என்ற சிவப்புத் திராட்சைத் தோட்டம் ஒன்றில், இயற்கை முறையையும் உயிராற்றல் முறையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு, முடிவை 2005-ல் வெளியிட்டார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் வேறுபாடு இல்லை. பழத்தில் சில ஆண்டுகளில் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. ஜெர்மனியின் கைசன்ஹைம் ஆய்வு நிலையத்தில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் 2006-ல் தொடங்கிய சோதனையில், வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் மற்ற இரண்டிலும் கொடியின் வளர்ச்சியும் விளைச்சலும் குறைந்தன. ஆனால் இயற்கை முறைக்கும் உயிராற்றல் முறைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, வேலை செய்தவை மூடுபயிரும் மக்குரமும் களைக்கொல்லி இல்லாத மண்ணும். கொம்பு தனியாக எதையும் சேர்த்ததாகத் தெரியவில்லை.

இந்த முறையின் வேரைப் பார்த்தாலும் இது வியப்பளிக்காது. 1924 ஜூனில், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரின் பண்ணையில், ருடால்ஃப் ஸ்டைனர் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் தத்துவவாதி, ஆன்மிகச் சிந்தனையாளர், விவசாயி அல்லர். செயற்கை உரம் பரவத் தொடங்கிய காலத்தில், விதையும் மண்ணும் சீர்கெடுகின்றன என்று கவலைப்பட்ட பண்ணையாளர்கள் கேட்டுக்கொண்டதால் பேசினார். அடுத்த மார்ச்சில் இறந்துவிட்டார். வயலில் சோதித்துப் பார்க்க அவருக்கு நேரமே இருக்கவில்லை. மது ஆன்மிக வளர்ச்சிக்குத் தடை என்று கருதியவர் அவர். அவருடைய முறை இன்று ஒயின் பாட்டில்களின் மூலம் உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

நிலவு நாட்காட்டியும் ஸ்டைனர் தந்ததல்ல. மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி, நிலவு எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று வகுத்து 1960-களிலிருந்து வெளியிட்டு வந்தார். நம் தினசரிக் காலண்டரில் அச்சாகும் மேல்நோக்கு நாளும் கீழ்நோக்கு நாளும் அன்றைய நட்சத்திரத்தை வைத்து வருபவைதான். அதனால் தமிழ் வாசகருக்கு இந்த எண்ணம் புதிதாக இராது. கனி நாளில் குடித்தால் ஒயின் நன்றாக இருக்கும், வேர் நாளில் மங்கிவிடும் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். நியூசிலாந்தில் ஒயின் தொழிலில் இருப்பவர்களை வைத்து, நாளைச் சொல்லாமல் பினோ நுவார் ஒயின்களைச் சுவைக்கச் செய்து பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: நாளுக்கும் சுவைக்கும் தொடர்பு இல்லை.

அப்படியானால் ஒயின் ஏன் நன்றாக இருக்கிறது? கூலே த செரானையே பாருங்கள். ஹெக்டேருக்கு 20 முதல் 25 ஹெக்டோலிட்டர்தான் எடுக்கிறார்கள். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,000 பாட்டில். பல இடங்களில் இதைப்போல இரண்டு மடங்கு எடுப்பது சாதாரணம். அறுவடையும் ஒரே மூச்சில் நடக்காது. வாரக்கணக்கில் பல தடவை தோட்டத்தைச் சுற்றி வந்து, நன்றாகப் பழுத்த குலைகளை மட்டும் கையால் அறுக்கிறார்கள். நொதிக்க வைப்பதற்கு விலைக்கு வாங்கிய ஈஸ்ட் இல்லை. பழத்தோலிலும் நிலவறையிலும் இருக்கும் ஈஸ்ட்டே அந்த வேலையைச் செய்கிறது. புது ஓக் பீப்பாயின் மணம் ஒயினை மூடிவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் செலவு. ஒவ்வொன்றும் கண்ணும் காலும் தோட்டத்திலேயே இருக்க வேண்டிய வேலை.

உயிராற்றல் முறையின் உண்மையான பலன் இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. மாலையில் தெளிக்க ஒரு நடை, விடியலில் தெளிக்க ஒரு நடை, காஞ்சொறி வகைச் செடியைக் கொதிக்க வைத்த நீரை அடிக்க இன்னொரு நடை. இந்த நடைகளில் இலையின் மேற்பக்கத்தில் எண்ணெய்ப் பொட்டு போல முதல் நோய்க்குறி தோன்றும்போதே கண்ணில் படுகிறது. மாதம் ஒரு முறை டிராக்டரில் மருந்து அடித்துவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அந்த நோயின் பெயர் அடிச்சாம்பல். இந்த முறையின் முன்னுள்ள மிகப் பெரிய சோதனையும் அதுதான். 1870-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குள் நுழைந்த பூஞ்சை போன்ற நோய் இது. 1880-களில் போர்டோ பகுதியில் மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த கலவை இதைத் தடுக்கும் என்று மில்லார்டே என்ற தாவரவியலாளர் கண்டறிந்தார். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளும் மிளகு விவசாயிகளும் இன்றுவரை பயன்படுத்தும் போர்டோக் கலவை இதுதான். இயற்கை முறையினருக்கு அனுமதிக்கப்பட்ட முக்கிய ஆயுதமும் இதுவே. சிக்கல் என்னவென்றால், செம்பு மட்காது. ஆண்டாண்டாக மண்ணில் சேர்ந்து மண்புழுக்களைப் பாதிக்கும். ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் வரம்பு வைத்தது. ‘ரசாயனமே இல்லாத ஒயின்’ என்று யாராவது விற்றால் செம்பைப் பற்றிக் கேளுங்கள். நேர்மையான தோட்டக்காரர் எவ்வளவு அடித்தார் என்பதைத் தயங்காமல் சொல்வார்.

மழை மிகுந்த ஆண்டில் செம்பு போதாது. அப்போது என்ன நடக்கும் என்பதற்குப் போர்டோ பகுதியில் போயாக் ஊரின் பொந்தே-கனே தோட்டத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1975 முதல் தெஸ்ஸரோன் குடும்பத்தின் சொத்து. சுமார் 80 ஹெக்டேர். போர்டோவின் புகழ் பெற்ற 1855 தரவரிசையில் இடம் பெற்றது. அல்ஃப்ரெட் தெஸ்ஸரோன் 2004-ல் 14 ஹெக்டேரில் உயிராற்றல் முறையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே முழுத் தோட்டத்துக்கும் விரித்தார். 2007-ல் ஓயாத மழை. அடிச்சாம்பல் பரவியது. பயிர் போய்விடும் என்ற அச்சத்தில் அவர் செயற்கை மருந்தை அடித்தார். பயிர் பிழைத்தது, சான்றிதழுக்கான ஆண்டுக்கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அந்த முடிவுக்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். 2010-ல் சான்றிதழ் கிடைத்தது. பிறகு வந்தது 2018. அதே நோய், முன்னிலும் கடுமையாக. இந்த முறை அவர் மருந்தைத் தொடவில்லை. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிஞ்சிய ஒரு பங்கை வைத்து ஒயின் செய்தார்கள்.

பங்குதாரர்களுக்குக் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய ஒரு மேலாளர் 2018-ல் அந்த முடிவை எடுத்திருக்க முடியுமா? எனக்கு மிகுந்த ஐயம். குடும்பச் சொத்து என்பதன் பொருள் எனக்கு இங்கேதான் தெளிவாகிறது. ஓர் ஆண்டின் நட்டத்தை ஒரு தலைமுறையின் கணக்கில் எழுதிக்கொள்ள அவர்களால் முடிகிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தெஸ்ஸரோன் குடும்பத்துக்குக் கோஞ்ஞாக் என்ற பிராந்தி வியாபாரம் உண்டு, பாட்டிலுக்கு நல்ல விலையும் உண்டு. அப்படித் தாங்குவதற்கு எதுவும் இல்லாத சிறு குடும்பம் ஒரு 2018-ல் கடனாளியாகிவிடும். பெயர் தெரியாத எத்தனையோ தோட்டங்கள் அப்படிச் சான்றிதழைக் கைவிட்டு வழக்கமான முறைக்குத் திரும்பியிருக்கின்றன. அவர்களைக் கொள்கை இல்லாதவர்கள் என்று பேசுவது எனக்குச் சிறிதும் ஏற்பில்லை.

சிறு தோட்டக்காரரின் உறுதிக்கு வேறோர் எடுத்துக்காட்டு பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் இருக்கிறது. எம்மானுவேல் ஜிபுலோவின் தந்தை 1970-களிலேயே இயற்கை முறைக்கு மாறியவர். மகன் அதை உயிராற்றல் முறையாக வளர்த்தார். 2013-ல் கொடியை மஞ்சளாக்கிக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியை ஒழிக்க, மாவட்டம் முழுவதும் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. இயற்கை முறைக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தும்கூட நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்லும் என்று சொல்லி ஜிபுலோ மறுத்தார். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் 1,000 யூரோ அபராதம் விதித்து, பாதியை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். அவருடைய துணிவை மதிக்கிறேன். ஆனாலும் அந்த நோய் வேலி பார்த்து நிற்காது. பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு வந்த கோபமும் நியாயமானதே.

நிலவறைக்குள் நடப்பதை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. 2012-க்கு முன் ஐரோப்பாவில் ‘இயற்கை முறைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின்’ என்று மட்டுமே அச்சிடலாம்; அந்த ஆண்டுதான் நிலவறைக்கும் விதி வந்தது. அதன்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சல்ஃபைட் என்ற பதப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளையில் 150 வரை இருக்கலாம். வழக்கமான ஒயினுக்கு இந்த வரம்பு 150, 200. ‘ஆர்கானிக்’ என்றால் சல்ஃபைட் இல்லை என்று நினைத்து வாங்கும் ஒவ்வாமைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: ஆல்கஹால் எந்த முறையில் வந்தாலும் ஆல்கஹால்தான். உடலுக்கு நல்லது என்று சொல்லி எந்த ஒயினையும் விற்பதை நான் ஏற்பதில்லை.

சுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூலே த செரான் எல்லோருக்கும் பிடிக்கும் ஒயின் அல்ல. சில ஆண்டுகளில் ஆல்கஹால் 14, 15 சதவீதத்தைத் தொடும். நன்றாக அமைந்த ஆண்டில் தேன்மெழுகு, சீமை மாதுளை, ஈரக்கல், முடிவில் மெல்லிய கசப்பு என்று நாவில் வெகு நேரம் நிற்கும். அமையாத ஆண்டில் காற்றுப்பட்டு வெட்டி வைத்த ஆப்பிள் வாடை அடிக்கும். ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு வேறுபடுவதைக் குறை என்பவர்கள் உண்டு. நானும் இந்த விலைக்கு அது குறைதான் என்பேன். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் நல்ல ஆண்டு அவ்வளவு நன்றாக வருகிறது என்பவர்களின் வாதமும் எனக்குப் புரிகிறது. இதே முறையில் துல்லியமான, தெளிந்த ஒயினும் செய்யலாம். பர்கண்டியின் புலினி-மொன்ராஷே ஊரில் ஆன்-க்ளோத் லெஃப்ளேவ், 1990 முதல் சில நிலங்களில் இயற்கை, உயிராற்றல் முறைகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது எந்த ஒயின் என்று தெரியாதபடி சுவைத்துச் சோதித்து, 1997-ல்தான் தோட்டம் முழுவதையும் மாற்றினார். நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் சோதித்தும் பார்த்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மதிப்பு. 2015-ல் காலமாகிவிட்டார்.

வாங்குவோருக்கு: லேபிளில் டெமீட்டர் அல்லது பியோதிவின் முத்திரை இருந்தால் உயிராற்றல் முறைக்குச் சான்று உண்டு, பச்சை நிறத்தில் நட்சத்திரங்களால் ஆன இலை இருந்தால் ஐரோப்பிய இயற்கை முறைச் சான்று. முத்திரை எதுவும் இல்லாமல் ‘உயிராற்றல் தத்துவத்தில் விளைந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள். தோட்டக்காரரிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் கொம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரிடமும் அழகான பதில் தயாராக இருக்கும். கடைசியாக அடிச்சாம்பல் கடுமையாகத் தாக்கிய ஆண்டில் என்ன செய்தீர்கள், எவ்வளவு இழந்தீர்கள் என்று கேளுங்கள். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் ஜோலி குடும்பத்தின் ஒயினை முதலில் சுவைக்க விரும்பினால், விலை குறைந்த ‘லே வியோ க்ளோ’விலிருந்து தொடங்கலாம். கூலே த செரானையே வாங்கினால், குடிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, முடிந்தால் முதல் நாளே திறந்து வேறு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். திறந்த உடனே குடித்துவிட்டு ஏமாந்தவர்கள் அதிகம். அதிகம் குளிர வைக்கவும் கூடாது. 14 டிகிரி போதும்.